ஸ்டீயரிங்கின் கண்ணைக் கட்டினால்?

கூடுதல் பாய்ச்சலுக்காக ஒரு சிறிய சென்சாரை முடக்குகிறார்கள் அதிவேகக் கார் பிரியர்கள் சிலர். அந்தச் சென்சாரை நம்பி காருக்குள் எத்தனை உயிர்க்காப்பு வேலைகள் நடக்கின்றன தெரியுமா?

சிக்னல் பச்சைக்கு மாறுகிறது. முதல் கியர். முனையில் திரும்பிக்கொண்டே ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கிறார். 263 குதிரைத்திறன் என்று சொல்லி விற்கப்பட்ட கார் அது. ஆனாலும் பாயவில்லை. டர்போ மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல என்ஜின் அடங்கியே சுழல்கிறது. வளைவு முடிந்து ஸ்டீயரிங் நேராகி, கியர் இரண்டு, மூன்று என்று ஏறிய பிறகுதான் முதுகு சீட்டோடு போய் ஒட்டுகிறது.

முதன்முறை ஓட்டுபவர் என்ஜினில் ஏதோ கோளாறு என்று நினைப்பார். கோளாறு எதுவும் இல்லை. கார் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறார் என்பதைப் பார்த்து, அதற்கேற்ப என்ஜினின் சக்தியைக் குறைத்துக் கொடுக்கும்படி அதன் கணினிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கார், மாஸ்டாஸ்பீட் 3. ஐரோப்பாவில் மாஸ்டா 3 எம்பிஎஸ், ஜப்பானில் மாஸ்டாஸ்பீட் ஆக்செலா என்று அதற்கு வேறு பெயர்கள். 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் என்ற பெருமை மாஸ்டாவுக்கு உண்டு. அந்த நிறுவனத்தின் பந்தயப் பிரிவான மாஸ்டாஸ்பீடின் பெயரைத்தான் இந்தக் குடும்பக் காருக்குச் சூட்டினார்கள். 2006-இல் அறிமுகமாகி 2013 வரை இரண்டு தலைமுறைகளாக விற்பனையானது. ஐந்து கதவுகள், ஆறு கியர்கள், 2.3 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், நிமிடத்துக்கு 3,000 சுழற்சியிலேயே 380 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதே காலத்தில் உலகமே கொண்டாடிய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரின் முறுக்குவிசை 280 தான்.

இவ்வளவு சக்தியும் முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போனது. எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கையைப் பிடித்து இழுக்கும் கார்

முன்சக்கர இயக்கக் கார்களில் முன்சக்கரங்களுக்கு இரட்டை வேலை. காரை இழுக்க வேண்டும்; திருப்பவும் வேண்டும். சக்தி குறைவாக இருக்கும்வரை இரண்டும் ஒத்துப்போகும். சக்தி கூடும்போது ஒன்றின் காலை ஒன்று வாரும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். ஓட்டுநரின் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். 'வண்டி ஒரு பக்கமா இழுக்குது' என்று நம் மெக்கானிக்குகள் சொல்வதன் முரட்டு வடிவம் அது. கார் உலகில் இதற்கு டார்க் ஸ்டீயர் என்று பெயர்.

பூட்டிய மாடுகளில் ஒன்று மட்டும் வேகமாக இழுத்தால் வண்டி மற்ற மாட்டின் பக்கம் திரும்பிவிடும். முன்சக்கரங்களிலும் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். இடச்சக்கரமும் வலச்சக்கரமும் சமமாக இழுத்தால், ஸ்டீயரிங்கில் இரண்டும் தரும் திருப்புவிசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சமநிலை குலைந்தால் மிச்சமிருக்கும் விசை ஓட்டுநரின் கைக்கு வந்து சேரும்.

சமநிலை ஏன் குலைகிறது? ஒரு காரணம் அறுபது ஆண்டுப் பழமை கொண்டது. 1959-இல் வந்த மினி காரில் அலெக் இசிகோனிஸ் என்ஜினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியில் பொருத்தினார். 1964-இல் இத்தாலியின் தாந்தே ஜகோசா, ஆட்டோபியாங்கி பிரிமூலா காரில் கியர்பாக்ஸை என்ஜினின் ஒரு முனையில் பக்கவாட்டாகச் சேர்த்தார். பராமரிக்க எளிது, செலவும் குறைவு. இன்று உலகின் பெரும்பாலான சிறிய கார்கள் அந்த அமைப்பில்தான் வருகின்றன. ஆனால் கியர்பாக்ஸ் ஒரு பக்கமாக ஒதுங்கியதால், சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்களில் ஒன்று குட்டையாகவும் மற்றது நீளமாகவும் ஆயின. வேகமெடுக்கும்போது காரின் மூக்கு மேலே எழும்பும். அப்போது இரண்டு ஷாஃப்ட்களின் மூட்டுகளும் வெவ்வேறு கோணத்தில் மடங்குகின்றன. அந்தக் கோண வேறுபாடு திருப்புவிசையாக மாறுகிறது.

இன்னொரு காரணம் சக்கரத்தின் அருகிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முன்சக்கரமும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அச்சைச் சுற்றித்தான் இடமும் வலமும் திரும்புகிறது. அந்த அச்சுக்கும் சக்கரத்தின் மையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு நெம்புகோலாக வேலை செய்கிறது. இடைவெளி கூடினால் இழுப்பும் கூடும். சாலையில் ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ந்த தார் என்றிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சக்கரம் பிடிப்பின்றிச் சுழல்வதைத் தடுக்கப் பொருத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் சக்தியைத் தள்ளும்போது இழுப்பையும் சேர்த்தே தள்ளுகிறது. மாஸ்டாஸ்பீட் 3-இல் அந்த டிஃபரன்ஷியலும் இருந்தது.

மாஸ்டா கண்ட வழி

மாஸ்டாவின் பொறியாளர்கள் இதற்குக் கணினி வழியாகத் தீர்வு கண்டார்கள். இழுப்பு அதிகம் தெரிவது கீழ்க்கியர்களில். முதல் கியரில்தான் சக்கரங்களுக்குப் போகும் முறுக்குவிசை மிக அதிகம். எனவே கீழ்க்கியர்களில் கியரையும் ஸ்டீயரிங் கோணத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, திராட்டிலையும் டர்போவின் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும்படி என்ஜின் கணினியை அமைத்தார்கள். ஸ்டீயரிங் நேராக இருந்தால் கூடுதல் சக்தி, திரும்பியிருந்தால் குறைவு. மூன்றாவது கியரிலிருந்து முழு பலம்.

இதற்குத் தேவைப்பட்ட தகவலைத் தருவது ஸ்டீயரிங் கோண சென்சார். ஸ்டீயரிங் சக்கரத்துக்குக் கீழே, தண்டைச் சுற்றி வளையம்போல உட்கார்ந்திருக்கும் சிறு கருவி அது. பாஷ் நிறுவனம் பரவலாக்கிய வடிவம் ஒன்றில், தண்டோடு சுழலும் பெரிய பல்சக்கரம் இரண்டு குட்டிப் பல்சக்கரங்களைச் சுழற்றும். குட்டிச் சக்கரங்கள் இரண்டிலும் பற்களின் எண்ணிக்கை வேறு. ஒவ்வொன்றிலும் ஒரு காந்தம். இரண்டு காந்தங்களின் திசையையும் ஒப்பிட்டால், ஸ்டீயரிங் எத்தனை சுற்று, எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். காரை இப்போதுதான் ஸ்டார்ட் செய்தீர்கள் என்றாலும் சரி, ஸ்டீயரிங் எந்த நிலையில் நிற்கிறது என்று அதற்குத் தெரியும். இரு பக்கமும் 780 பாகை வரை, அதாவது இரண்டு முழுச் சுற்றுக்கும் மேல், அது அளக்கிறது. அளந்ததை காரின் உள்வலைப்பின்னலில் இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது.

ஒலிபரப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த எண்ணை என்ஜின் கணினி மட்டும் கேட்பதில்லை. பிரேக் கணினியும் கேட்கிறது. பல கார்களில் பவர் ஸ்டீயரிங்கும், வளைவில் திரும்பும் முகப்பு விளக்கும், பார்க்கிங் கேமராவில் தெரியும் வழிகாட்டிக் கோடுகளும் அதே எண்ணை நம்பியே இயங்குகின்றன.

ஒரு கம்பி, ஒரு சுவிட்ச்

பணம் கொடுத்து வாங்கிய சக்தியைக் கணினி பிடித்து வைத்துக்கொள்கிறது என்றால் உரிமையாளருக்கு எரிச்சல் வருவது இயல்பு. மாஸ்டாஸ்பீட் 3 பிரியர்களிடம் அந்த எரிச்சல் ஒரு குறுக்குவழியாக மாறியது. ஸ்டீயரிங் தண்டின் உறையைத் திறந்து, சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிடுவது ஒரு முறை. கம்பியை வெட்டி நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, வேண்டும்போது சென்சாரை முடக்குவது இன்னொரு முறை. கோணம் தெரியாத என்ஜின் கணினி, கோணத்தைக் காட்டிச் சக்தியைக் குறைக்க முடியாது. செலவு சொற்பம், வேலை சில நிமிடம், பலன் உடனடி.

அந்த ஆசையை இகழ்வதற்கில்லை. கார் என்பது சிலருக்குப் போக்குவரத்துச் சாதனம். சிலருக்கு வாழ்நாள் காதல். தன் கையால் திறந்து, புரிந்துகொண்டு, மாற்றிப் பார்க்கும் அந்த ஆர்வம்தான் பந்தயத் துறைக்கே அடித்தளம். ஆனால் இந்தக் குறிப்பிட்ட மாற்றம் ஒரு பொறியியல் தவறு. காரணம் வெளிப்படையானது: இழுப்பை உண்டாக்கும் ஷாஃப்ட்களும் அச்சுகளும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. அவற்றை அடக்கி வைத்திருந்த அறிவு மட்டும் போய்விடுகிறது.

போவது அது மட்டும்தானா என்றால், இல்லை. சென்சார் செத்த அந்த நொடியில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கும். கார் சறுக்காமல் காக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு வேலையை நிறுத்திவிட்டது என்பதற்கான எச்சரிக்கை அது. மாஸ்டாவில் அதன் பெயர் டிஎஸ்சி.

சுவீடன் பள்ளத்திலிருந்து வந்த பாடம்

1989. வடக்கு சுவீடனின் உறைபனிச் சாலையில் சோதனை ஓட்டத்தில் இருந்தார் மெர்சிடிஸ் பென்ஸின் இளம் பொறியாளர் ஃபிராங்க் வெர்னர் மோன். கார் சறுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் விழுந்தது. மீட்பு வாகனத்துக்காகக் காத்திருந்தபோது அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது: கார் தன் அச்சில் சுழல்வதை அளக்க முடிந்தால், ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியாக இயக்கி அதை நிறுத்த முடியாதா? தொடக்கச் சோதனைக்கு அவரும் குழுவினரும் ரிமோட்டில் பறக்கும் பொம்மை ஹெலிகாப்டரின் கைரோஸ்கோப்பைக் கழற்றிப் பயன்படுத்தினார்கள்.

பாஷ் நிறுவனத்தில் ஆன்டன் வான் சான்டன் தலைமையிலான குழுவும் இதே திசையில் உழைத்துக்கொண்டிருந்தது. இரண்டு நிறுவனங்களும் கைகோத்தன. 1995-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் வரிசையில் ஈஎஸ்பி என்ற பெயரில் அந்த நிலைப்புக் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பம் சாலைக்கு வந்தது. வான் சான்டனுக்கு 2016-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது வாழ்நாள் சாதனைப் பிரிவில் வழங்கப்பட்டது.

விலையுயர்ந்த கார்களின் ஆடம்பரமாக இருந்ததைச் சாதாரணக் கார்களுக்குக் கொண்டுவந்தது ஒரு விபத்து. 1997 அக்டோபரில் சுவீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் இதழ், புதிதாக வந்த மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரைச் சோதித்தது. சாலையில் திடீரென்று காட்டுமான் குறுக்கே வந்தால் எப்படி ஒடிப்பார்களோ அப்படி ஒடித்தார்கள். கார் கவிழ்ந்தது. மெர்சிடிஸ் விற்பனையை நிறுத்திவைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, எல்லா ஏ கிளாஸ் கார்களுக்கும் ஈஎஸ்பி-யைக் கட்டாய அம்சமாக்கியது. விற்ற கார்களிலும் செலவின்றிப் பொருத்திக் கொடுத்தது.

ஈஎஸ்பி வேலை செய்யும் விதம் ஓர் ஒப்பீட்டில் அடங்கியிருக்கிறது. ஓட்டுநர் எங்கே போக நினைக்கிறார்? அதைச் சொல்வது ஸ்டீயரிங் கோண சென்சார். கார் உண்மையில் எங்கே போகிறது? அதைச் சொல்வது சுழற்சி வேக சென்சார். இரண்டும் ஒத்துப்போனால் கணினி தலையிடாது. பின்பக்கம் வெளியே சறுக்கினால் வளைவின் வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிரேக் பிடிக்கும். முன்பக்கம் திரும்பாமல் நேரே வழுக்கினால் உட்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். தேவைப்பட்டால் என்ஜின் சக்தியையும் குறைக்கும். எல்லாமே கண்ணிமைக்கும் நேரத்துக்குள்.

ஓட்டுநரின் எண்ணத்தைக் கணினிக்குச் சொல்லும் ஒரே சாட்சி அந்தக் கோண சென்சார்தான். சாட்சியை அகற்றினால் ஒப்பிட எதுவும் இல்லை.

ஈஎஸ்பி-யின் மதிப்பை எண்ணிக்கையில் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007-இல் இதைக் கட்டாயமாக்கியபோது, எல்லா வாகனங்களிலும் பொருத்தப்பட்ட பிறகு ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 உயிர்கள் வரை காப்பாற்றப்படும் என மதிப்பிட்டது. தனி வாகன விபத்துகள் கார்களில் 34 விழுக்காடும், எஸ்யுவி-க்களில் 59 விழுக்காடும் குறையும் என்பது அதன் கணக்கு. 2012 மாடல் முதல் அங்கே விற்கும் எல்லா இலகு வாகனங்களுக்கும் இது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இருக்க வேண்டும். சீட் பெல்ட்டுக்கு அடுத்து இவ்வளவு பேரைக் காப்பாற்றும் கருவி வேறு இல்லை என்று பாதுகாப்பு வல்லுநர்கள் இதைப் புகழ்வது வெறும் பேச்சல்ல.

பொய் சொல்லும் சென்சார்

சென்சாரை முற்றிலும் கழற்றுவதில் ஒரு நன்மையாவது உண்டு: கார் அதை உணர்ந்து விளக்கைக் காட்டுகிறது. ஓட்டுநருக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. இன்னும் ஆபத்தானது, ஸ்டீயரிங் எப்போதும் நேராகவே இருக்கிறது என்று கணினியை நம்பவைக்கும் போலித் தகவல்.

அப்படி ஒரு கார் இடப்பக்க வளைவில் 80 கிலோமீட்டர் வேகத்தில் நுழைவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் ஒழுங்காகத்தான் திருப்புகிறார். காரும் ஒழுங்காகத்தான் திரும்புகிறது. ஆனால் கணினிக்குக் கிடைக்கும் செய்தி வேறு: ஸ்டீயரிங் நேராக இருக்கிறது, கார் இடப்பக்கம் சுழல்கிறது. அப்படியென்றால் பின்பக்கம் சறுக்குகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். வலப்பக்க முன்சக்கரத்தில் பிரேக் விழும். திரும்ப வேண்டிய கார், வளைவுக்கு வெளியே தள்ளப்படும். இந்த முரண்பாட்டைக் கண்டுபிடித்து ஒதுங்கிக்கொள்ளும் சரிபார்ப்பு நிரல்கள் தரமான அமைப்புகளில் உண்டு. அந்தச் சரிபார்ப்பு முடிவதற்குள் வளைவு முடிந்துவிடுமா என்பது வேகத்தைப் பொறுத்தது.

வீல் அலைன்மென்ட் செய்யும் கடைகளுக்கு இது புதிதல்ல. அலைன்மென்ட் மாற்றிய பிறகு பல கார்களில் சென்சாரின் பூஜ்ய நிலையை ஸ்கேன் கருவி மூலம் மறுபடி பதிய வேண்டியிருக்கும். பதியாமல் விட்டால் நேரே போகும்போதும் கார் திரும்புவதாக நினைத்துக் கணினி குழம்பும், விளக்கு எரியும். சில பாகை பிசகுக்கே இப்படி என்றால், முழுப் பொய் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

என்ஜினுக்கும் இதில் பங்கு உண்டு. கீழ்க்கியர்களில் முழு சக்தியும் இறங்கும்போது, பிடிப்பை இழந்த டயர் வழுக்குவதும் பிடிப்பதுமாக அதிரும். அந்த அதிர்வு டிரைவ் ஷாஃப்ட்களையும் என்ஜின் தாங்கிகளையும் உலுக்கும். மாஸ்டாஸ்பீட் 3 வைத்திருந்தவர்கள் பலர் முதலில் மாற்றிய உதிரிபாகமே என்ஜினின் பின்பக்கத் தாங்கிதான். இதே என்ஜினில் டர்போ அழுத்தத்தையும் தாறுமாறாக ஏற்றியவர்கள், குறைந்த சுழற்சியில் பெரும் முறுக்குவிசை தாங்காமல் கனெக்டிங் ராடு வளைந்தும் உடைந்தும் என்ஜினையே இழந்திருக்கிறார்கள். தொழிற்சாலை வைத்த வரம்புகளில் சில ஓட்டுநரைக் காக்க. சில இரும்பைக் காக்க. வெளியிலிருந்து பார்த்தால் எது எதற்கு என்று பிரித்தறிய முடியாது.

வேரில் கை வைத்தவர்கள்

அப்படியானால் முன்சக்கரக் காரில் முழு சக்தியை அனுபவிக்கவே முடியாதா? முடியும். பிற நிறுவனங்கள் அதைச் செய்து காட்டின, சென்சாரைத் தொடாமலே.

ஃபோர்டு 2002-இல் வெளியிட்ட முதல் ஃபோகஸ் ஆர்எஸ் காரில் சக்தி 215 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) மட்டுமே. ஆனாலும் ஓட்டுநரின் கையை முறுக்கும் கார் என்று பெயர் வாங்கியது. 2009-இல் வந்த அடுத்த ஃபோகஸ் ஆர்எஸ் 305 பிஎஸ் கொண்டது. நான்கு சக்கர இயக்கம் இல்லாமல் இது சாத்தியமே இல்லை என்றார்கள். ஃபோர்டு பொறியாளர்கள் ரெவோநக்கிள் என்ற புதிய முன்பக்க அமைப்பைப் பொருத்தினார்கள். சஸ்பென்ஷன் தூணும் சக்கரம் திரும்பும் அச்சும் வழக்கமாக ஒன்றாகவே இருக்கும். ரெவோநக்கிள் இரண்டையும் பிரித்தது. தூண் அசையாமல் நிற்க, சக்கரம் தன் மையத்துக்கு நெருக்கமான வேறோர் அச்சில் திரும்பியது. நெம்புகோலின் நீளம் சுருங்கியது, இழுப்பும் சுருங்கியது.

ரெனோ அதற்கு முன்பே, 2004-இல் வந்த மெகான் ஆர்எஸ் காரில் தனி ஸ்டீயரிங் அச்சு முறையைக் கையாண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஹைபர்ஸ்ட்ரட் என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. ஹோண்டா 2015-இன் சிவிக் டைப் ஆர் காரில் இரட்டை அச்சுத் தூணைப் பொருத்தி, 310 பிஎஸ் சக்தியை முன்சக்கரங்களுக்கு மட்டுமே கொடுத்தது. 2017-இன் டைப் ஆரில் அது 320 பிஎஸ் ஆனது.

பலனை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் பார்க்கலாம். மேடும் பள்ளமும் குருட்டு வளைவுகளும் நிறைந்த இருபது கிலோமீட்டர் சுற்று அது. 2008-இல் மெகான் ஆர்26ஆர் அந்தச் சுற்றை 8 நிமிடம் 17 விநாடியில் முடித்தது. அன்றைக்கு முன்சக்கரக் கார்களில் அதுவே சாதனை. 2014-இல் மெகான் ஆர்எஸ் 275 டிராஃபி ஆர் 7 நிமிடம் 54 விநாடிக்குக் கொண்டுவந்தது. 2017 ஏப்ரலில் ஹோண்டா சிவிக் டைப் ஆர் 7 நிமிடம் 43.8 விநாடி. ஒன்பதே ஆண்டுகளில் அரை நிமிடத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. இவற்றில் எந்தக் காரும் தன் சென்சாரின் கம்பியை வெட்டிக்கொண்டு ஓடவில்லை.

பாதையில் ஓட்டும் ஆர்வலர்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. பிடிப்பு அதிகமுள்ள டயர், உறுதியான என்ஜின் தாங்கி, தேய்ந்த புஷ்களுக்குப் பதில் கெட்டியானவை, சரியான அலைன்மென்ட். இவை ஒவ்வொன்றும் இழுப்பைக் கொஞ்சமாவது குறைக்கும். என்ஜின் கணினியின் கியர்வாரியான வரம்புகளை மாற்ற விரும்பினால், அதைப் புரிந்த டியூனர் நிரலிலேயே மாற்றுவார். சென்சார் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும், நிலைப்புக் கட்டுப்பாடும் விழித்திருக்கும்.

பூட்டுக்கு முறையான சாவி

ஓட்டுநருக்குச் சுதந்திரம் வேண்டும் என்பதை நிறுவனங்களும் உணர்ந்திருக்கின்றன. 2007-இல் ஜப்பானில் வெளியான நிசான் ஜிடி-ஆர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜப்பானில் விற்கப்படும் ஜப்பானியக் கார்களுக்கு மணிக்கு 180 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு உண்டு. ஜிடி-ஆர் தன் ஜிபிஎஸ் மூலம் தான் நிற்கும் இடத்தை அறிந்து, அது அங்கீகரிக்கப்பட்ட பந்தயப் பாதை என்றால் மட்டும் வரம்பை நீக்கிக்கொள்ள ஓட்டுநருக்கு அனுமதி தரும். சாலையில் பூட்டு, பாதையில் சாவி.

ஷெவர்லே 2010-இன் கோர்வெட் இசட்ஆர்1 காரில் ஐந்து படிநிலைகள் கொண்ட கட்டுப்பாட்டைக் கொடுத்தது. ஓட்டுநர் தன் திறமைக்கும் சாலையின் ஈரத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு படியாகத் தளர்த்திக்கொள்ளலாம். ஃபெராரி 2013-இல் 458 ஸ்பெசியாலே காரில் பக்கச் சறுக்கலின் கோணத்தையே கணக்கிட்டு, ஓட்டுநர் காரைச் சறுக்கவிட்டு விளையாடவும் உதவும் முறையைக் கொண்டுவந்தது. இந்தக் கார்களில் ஓட்டுநருக்குச் சுதந்திரம் கூடியதற்குக் காரணம், கணினி முன்னைவிட அதிகமாகப் பார்க்கிறது என்பதுதான். நன்றாகப் பார்க்கும் கணினியால்தான் எதுவரை விடலாம், எங்கே பிடிக்க வேண்டும் என்று முடிவெடுக்க முடிகிறது.

சட்டம் சொல்வது

அமெரிக்காவில் பாதுகாப்புத் தரநிலையின்படி பொருத்தப்பட்ட எந்தக் கருவியையும் தெரிந்தே செயலிழக்கச் செய்வது, உற்பத்தியாளருக்கும் விற்பனையாளருக்கும் பழுதுபார்க்கும் கடைக்கும் குற்றம். நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமான பிறகு வந்த காரில் அதை முடக்கித் தரும் கடை இந்தச் சட்டத்தின் பிடியில் வரும். ஜெர்மனியில் பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றம் செய்தால், சாலையில் ஓடுவதற்கான அனுமதியே காலாவதியாகிவிடும். பிரிட்டனில் 2012 முதல் ஆண்டுச் சோதனையில் நிலைப்புக் கட்டுப்பாட்டின் எச்சரிக்கை விளக்கும் பார்க்கப்படுகிறது. இந்தியாவில் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ விதிக்க இடமளிக்கிறது.

ஸ்டீயரிங் சென்சாரை ஏமாற்றும் வணிகத்தின்மீது அரசு நேரடியாகக் கை வைத்த நிகழ்வும் உண்டு. டெஸ்லாவின் ஆட்டோபைலட் இயங்கும்போது ஓட்டுநரின் கை ஸ்டீயரிங்கில் இருக்கிறதா என்பதைக் கார் சோதிக்கும். கை வைக்காமலே வைத்ததுபோல் காட்ட, ஸ்டீயரிங்கில் மாட்டும் எடைக் கருவி ஒன்று ஆட்டோபைலட் பட்டி என்ற பெயரில் விற்கப்பட்டது. 2018 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகம் அதன் விற்பனையை நிறுத்தும்படி உத்தரவிட்டது. நோக்கம் வேறாக இருக்கலாம். செயல் ஒன்றுதான்: ஓட்டுநரைப் பற்றிய உண்மை கணினிக்குப் போகாமல் தடுப்பது.

கம்பியே ஸ்டீயரிங் ஆகும் காலம்

இனி வரும் கார்களில் இந்தச் சென்சாரின் பொறுப்பு பல மடங்காகிறது. குரோஷியாவின் ரிமாக் நெவேராவில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு மின்மோட்டார். நான்கும் சேர்ந்து 1,914 பிஎஸ். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்பதைக் கணினி நொடிக்கு நூறு முறை கணக்கிடுகிறது. அந்தக் கணக்கின் தொடக்கம், ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினார் என்பது. அங்கே சென்சார் சக்தியைக் குறைக்கும் காவலாளி அல்ல. சக்தியைப் பங்கிட்டுக் காரை வளைவில் திருப்பிவிடும் பங்காளி.

2023 இறுதியில் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் முன்சக்கரங்களுக்கும் நடுவே இரும்புத் தண்டே கிடையாது. ஓட்டுநரின் கையசைவைச் சென்சார்கள் படித்து, கம்பி வழியாக மோட்டார்களுக்குச் சொல்கின்றன. அதனால்தான் சென்சார்களும் மோட்டார்களும் ஒன்றுக்கு மேற்பட்டு வைக்கப்படுகின்றன. ஒன்று தவறினாலும் மற்றது கைகொடுக்க வேண்டும். மாஸ்டாஸ்பீடில் கம்பியை வெட்டினால் ஒரு விளக்கு எரிந்தது. இங்கே அந்தக் கம்பிதான் ஸ்டீயரிங்.

பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

மாஸ்டாஸ்பீட் 3 உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் கார்கள் இன்று இரண்டாவது, மூன்றாவது உரிமையாளரிடம் இருக்கின்றன. கம்பியை வெட்டியவர் தான் செய்தது என்னவென்று தெரிந்து ஓட்டினார். அவரிடமிருந்து வாங்கியவருக்கு அது தெரியாது. மழை நாளில் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் ஒருவர், தன் காரில் டிஎஸ்சி இருப்பதாக நம்பி ஓட்டிக்கொண்டிருக்கலாம். இந்த மாற்றத்தின் மிகப் பெரிய அநியாயம் அதுதான். ஒருவர் தெரிந்தே எடுத்த ஆபத்து, தெரியாத இன்னொருவரின் தலையில் இறங்குகிறது.

எனவே டர்போ பூட்டிய பழைய அதிவேகக் கார் எதை வாங்கினாலும் சில சோதனைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். சாவியைத் திருப்பியதும் நிலைப்புக் கட்டுப்பாட்டு விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் அமைப்பு வேலை செய்யவில்லை. எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகிக்க வேண்டும். யாரோ விளக்கையே மறைத்திருக்கலாம். அடுத்து, ஸ்கேன் கருவியை மாட்டி ஸ்டீயரிங் கோணத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சக்கரங்கள் நேராக இருக்கும்போது எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். மெதுவாக இடமும் வலமும் திருப்பினால் அது தடையின்றி ஏறி இறங்க வேண்டும். எங்காவது நின்றாலோ தாவினாலோ, தண்டின் உறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டுப்போட்ட கம்பியோ, ஒளித்து வைத்த சுவிட்சோ தென்பட்டால், பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். சென்சாரை மாற்றி, பூஜ்யநிலை பதிந்து, விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியைச் சாலையில் இறக்குங்கள்.